நன்கொடை மனசை ஆராயணும்னா எந்த வழி: லேப்பா, ஆன்லைனா, ஃபீல்டா, ஏற்கெனவே இருக்கிற டேட்டாவா?

தானம், நன்கொடை, நிதி திரட்டல் பத்தி சைக்காலஜியிலயோ எகனாமிக்ஸ்லயோ பிஎச்டி ஆரம்பிக்கிறவங்க வந்து நிக்கிற இடம் பெரும்பாலும் ஒண்ணுதான். ஐடியா கையில இருக்கு, எப்படி சோதிச்சுப் பாக்கறதுன்னு தெரியல. கைடு லேப்ல பண்ணுங்கறார், கூடப் படிக்கிறவங்க ஆன்லைன்ல ரெண்டே நாள்ல முடிஞ்சிடும்ங்கறாங்க, பெரிய ஜர்னலைத் திறந்தா நிஜமான தொண்டு நிறுவனத்தோட சேர்ந்து ஐம்பதாயிரம் பேருக்கு லெட்டர் போட்ட ஃபீல்டு ஆராய்ச்சிக் கதையா இருக்கு, இப்படியே மண்டை குழம்பி மாசக்கணக்கா ஓடிடும்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். எந்த மெத்தட் உசத்தின்னு பாக்கறதுக்கு முன்னாடி, உங்க ஆராய்ச்சியை நடுவுல நிறுத்தற அதிகாரம் யார் கையில இருக்குன்னு பாருங்க. தியரி சொதப்பி தீசிஸ் கவிழறதை விட இந்த விஷயத்துல கவிழறதுதான் ஜாஸ்தி.

## எதை வெச்சு எடை போடறது

நான் பாக்கறது அஞ்சு விஷயம்.

நிஜப் பணமா? "இந்தக் குழந்தைக்கு எவ்வளவு குடுப்பீங்க?"ன்னு கேட்டா எல்லாருமே கர்ணன்தான். சொந்தப் பையிலேர்ந்து எடுக்கும்போதுதான் விஷயம் தெரியும். இது ரெண்டுக்கும் நடுவுல, ஆராய்ச்சியாளர் குடுத்த காசுலேர்ந்து கொஞ்சம் குடுக்கறதுன்னு ஒரு மூணாவது வகையும் இருக்கு.

ஏன்னு தெரியுமா? பரிதாபமா, குற்ற உணர்ச்சியா, பேருக்காகவா, வரியை மிச்சம் பிடிக்கவா, இல்ல எகனாமிஸ்ட் ஆண்ட்ரியோனி சொன்ன "வார்ம் க்ளோ", அதாவது குடுத்ததுல தனக்கே கிடைக்கிற அந்த நிறைவா? குடுத்தாங்களா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா இதுல எதையும் பிரிச்சு சொல்ல முடியாது.

எத்தனை பேர் வேணும்? எல்லாரும் கடைசியா பாக்கறது, ஆனா முதல்ல பாக்கவேண்டியது.

யார் நிறுத்தலாம்? எதிக்ஸ் கமிட்டி, தொண்டு நிறுவனத்தோட போர்டு, டேட்டா வெச்சிருக்கிற கம்பெனி, யுனிவர்சிட்டி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்.

அப்புறம் என்ன ஆச்சு? இன்னிக்கு குடுத்தவர் அடுத்த வருஷமும் குடுக்கறாரா, இல்ல இங்க குடுத்துட்டு இன்னொரு இடத்துல நிறுத்திட்டாரா?

| | லேப் | ஆன்லைன் | ஃபீல்டு | இருக்கிற டேட்டா |
|---|---|---|---|---|
| நிஜப் பணம் | ஆமா, ஆனா ஆராய்ச்சியாளர் குடுத்த காசு | சில சமயம் | முழுசா | முழுசா, இல்லன்னா ஞாபகத்துலேர்ந்து சொன்னது |
| ஏன்னு தெரியுமா | நல்லா | ஓரளவு | கஷ்டம் | ரொம்ப கஷ்டம் |
| ஆள் எண்ணிக்கை | சில நூறு | ஆயிரக்கணக்குல | பத்தாயிரக்கணக்குல | லட்சக்கணக்குலயும் உண்டு |
| நிறுத்தற அதிகாரம் | எதிக்ஸ் கமிட்டி | எதிக்ஸ் கமிட்டி | நிறுவனத்துல இருக்கிற யாரும் | டேட்டா வெச்சிருக்கிறவங்க |
| நீண்டகால விளைவு | தெரியாது | தெரியாது | ப்ளான் பண்ணா தெரியும் | நல்லா தெரியும் |

## லேப்

இந்தத் துறையோட அடிப்படைக் கருவி டிக்டேட்டர் கேம். ஒருத்தர் கையில கொஞ்சம் பணம் குடுத்து, "எதிர்ல இருக்கிற முகம் தெரியாத ஆளுக்கு எவ்வளவு வேணா குடுங்க, குடுக்காமலும் இருங்க"ன்னு விட்டுடறது. இந்த மாதிரி நிறைய எக்ஸ்பெரிமென்ட்டை கிறிஸ்டோஃப் எங்கெல் 2011ல ஒண்ணா சேர்த்துப் பாத்தார், சராசரியா சுமார் 28 சதவீதம் குடுக்கறாங்கன்னு வந்துச்சு. எக்கெல்லும் கிராஸ்மனும் 1996லயே வாங்கறவர் இடத்துல முகம் தெரியாத மாணவருக்கு பதிலா செஞ்சிலுவைச் சங்கத்தை வெச்சாங்க, குடுக்கற தொகை சுமார் 10 சதவீதத்துலேர்ந்து 30ஐ ஒட்டி ஏறிடுச்சு. யாருக்குப் போகுதுங்கறது எவ்வளவு முக்கியம்னு இதை விட மலிவா யாரும் காட்ட முடியாது.

லேப்போட பலம் இந்த மாதிரி ஒரு திருகை மட்டும் திருப்பிப் பாக்க முடியறதுதான். பலவீனமும் அங்கயேதான் இருக்கு. 2007ல ஜான் லிஸ்ட், குடுக்கறதோட சேர்த்து எதிராளி காசுலேர்ந்து எடுத்துக்கவும் செய்யலாம்னு ஒரு ஆப்ஷனை சேர்த்தார், குடுக்கறவங்க கூட்டம் நல்லாவே கரைஞ்சு போச்சு. 2002ல செர்ரியும் கூட்டாளிகளும் பண்ண எக்ஸ்பெரிமென்ட்ல காசை ஆளுங்களே உழைச்சு சம்பாதிக்க வெச்சு, யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு யாருக்குமே தெரியாத மாதிரியும் பண்ணிட்டாங்க, கிட்டத்தட்ட எல்லாருமே பூஜ்யம் குடுத்தாங்க. அப்ப அந்த 28 சதவீதம் தாராள மனசா, "இந்த ரூம்ல என்கிட்ட இதைத்தான் எதிர்பாக்கறாங்க போல"ங்கற ஊகமா? லேப்ல எதைப் பாத்தாலும் இந்த சந்தேகத்தைக் கூடவே வெச்சுக்கணும்.

மறைஞ்சு நிக்கிற செலவு ரெண்டு. எகனாமிக்ஸ் லேப்கள்ல பங்கேற்கிறவங்களை ஏமாத்தக் கூடாதுங்கறது கறாரான விதி, தொண்டு நிறுவனத்துக்குப் போகுதுன்னு சொன்னா அந்தக் காசு போயே ஆகணும், ரசீதைக் காட்டத் தயாரா இருக்கணும். அங்கதான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் உள்ள வரும். "ரிசர்ச் பணத்துலேர்ந்து நன்கொடையா? எந்தத் தலைப்புல எழுதறது?"ன்னு ஃபைல் திரும்பி வந்துடும். மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதே, இது பங்கேற்பாளருக்கான ஊதியம், அவர் சொன்னபடி அவர் சார்பா அனுப்பறோம்னு தெளிவா எழுதி வெச்சுக்கிட்டா பின்னாடி தலைவலி குறையும். ரெண்டாவது, வர்றவங்க எல்லாம் இருபது வயசு மாணவர்கள், நிஜ உலகத்துல பெரிய நன்கொடை குடுக்கறவங்க வயசானவங்க, அதுவும் வருஷக்கணக்கா ஒரே நிறுவனத்துக்குக் குடுத்து வர்றவங்க.

மூளை ஸ்கேன் ஆசை இருக்கிறவங்களுக்கு ஒரு வரி. ஹார்பா குழு 2007ல சயன்ஸ் இதழ்ல போட்ட பேப்பர், வரி மாதிரி கட்டாயமா காசு போனாலும், தானா குடுத்தாலும், மூளையில பரிசு கிடைக்கும்போது வேலை செய்யற பகுதிகள் தூண்டப்படுதுன்னு காட்டினது, அழகான வேலை, ஆனா ஆள் 19 பேர்தான். தனியா அந்த வசதியும் பணமும் இல்லாம பிஎச்டியை அது மேல கட்டாதீங்க.

## ஆன்லைன்

வேகம், மலிவு, வயசு வித்தியாசம் எல்லாமே இதுல கிடைக்கும். ஆனா ஆன்லைன் நமக்கு செஞ்ச பெரிய உபகாரம் வேற, பழைய கண்டுபிடிப்புகளைப் பெரிய சாம்பிள்ல உரசிப் பாக்க வெச்சது.

உதாரணத்துக்கு இந்தத் துறையில எல்லாரும் முதல் ஸ்லைடுல போடற ஆராய்ச்சியை எடுத்துக்குவோம். ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் மூணு பேரும் 2007ல போட்டது. சர்வேக்கு 5 டாலர் குடுத்துட்டு, அதுலேர்ந்து எவ்வளவு வேணா நன்கொடையா குடுங்கன்னு ஒரு தாளை நீட்டினாங்க. மாலி நாட்டு 7 வயசு பொண்ணு ஒருத்தியோட படமும் கதையும் இருந்த தாளுக்கு சராசரி 2.38 டாலர், லட்சக்கணக்கான பேர் பட்டினின்னு புள்ளிவிவரம் மட்டும் இருந்ததுக்கு 1.14, ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா 1.43. இந்தக் கடைசி நம்பர்தான் எல்லாரையும் உலுக்கினது, புள்ளிவிவரம் சேர்ந்ததும் அந்தப் பொண்ணு மேல வந்த பரிதாபமே குறைஞ்சிடுதே!

அப்புறம் 2016ல லீ, ஃபீலி ரெண்டு பேரும் இந்த விளைவு, அதாவது புள்ளிவிவரத்தை விட ஒரே ஆளோட கதைக்கு அதிகம் குடுக்கறது, பத்தி வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்தாங்க, மொத்தமா வந்த r (தொடர்போட அளவு, 0ன்னா தொடர்பே இல்ல, 1ன்னா முழுத் தொடர்பு) வெறும் 0.05. 2023ல ஒரு குழு 2007 எக்ஸ்பெரிமென்ட்டை சுமார் ஆயிரம் பேரை வெச்சுத் திரும்பப் பண்ணப்போ அந்த வித்தியாசம் கிடைக்கவே இல்ல. r 0.05ங்கறதை நடைமுறைக்கு மாத்திப் பாருங்க, அந்த அளவு விளைவை 80 சதவீத பவரோட, அதாவது அது நிஜமா இருந்தா பத்துல எட்டு தடவை மாட்டற மாதிரி, பிடிக்கணும்னா ஒரு குரூப்புக்கு சுமார் 1,570 பேர் வேணும். குரூப்புக்கு 60 பேரை வெச்சு லேப்ல பண்றவங்க கதி என்னன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

ஆன்லைன்ல எனக்கு உறுத்தறது ரெண்டு. முதல்ல, உட்கார்ந்து சர்வே பண்றவங்க சில்லறைக் காசுக்காகவே வந்திருக்காங்க, அவங்ககிட்டயே "போனஸைத் தானம் பண்றீங்களா"ன்னு கேக்கறது ஒரு விசித்திரமான நிலைமை, பூஜ்யம் குவியும். பத்துல ஒருத்தரை குலுக்கல்ல எடுத்து அவர் முடிவை மட்டும் நிஜமாக்கறதுங்கற வழி உண்டு, செலவு குறையும், நிஜப் பணம்னு சொல்லிக்கலாம், ஆனா அந்த "பத்துல ஒண்ணு" ஆளுங்க மனசுல எப்படிப் பதியுதுன்னு தனியா பாக்கணும். அடுத்தது ஏஐ. மெக்கானிக்கல் டர்க்ல (சின்னச் சின்ன வேலைக்குக் காசு குடுக்கிற அமேசான் தளம்) 2023ல ஒரு டெக்ஸ்ட்டை சுருக்கச் சொல்லிப் பாத்த ஆராய்ச்சி, வேலை செஞ்சவங்கள்ல 33லேர்ந்து 46 சதவீதம் பேர் ஏஐ உதவியோட எழுதியிருக்காங்கன்னு மதிப்பிட்டுச்சு. "ஏன் குடுத்தீங்க, உங்க வார்த்தையில எழுதுங்க"ன்னு கேள்வி வெச்சா என்ன வரும்னு யோசிச்சுக்கங்க. பதில்கள் எல்லாம் ரொம்ப அழகா, கருணையோட, ஒரே நீளத்துல வந்தா சந்தோஷப்படாதீங்க.

## ஃபீல்டு

எல்லாருக்கும் ஆசை இது மேலதான். நியாயமும் கூட, ஏன்னா சும்மா உட்கார்ந்து யோசிச்சா கிடைக்காத விஷயமெல்லாம் இங்கேர்ந்துதான் வந்திருக்கு.

கார்லனும் லிஸ்ட்டும் 2007ல அமெரிக்காவுல ஒரு அமைப்புக்கு ஏற்கெனவே நன்கொடை குடுத்த 50,000 பேருக்கு மேல லெட்டர் அனுப்பினாங்க. "நீங்க 1 டாலர் குடுத்தா இன்னொருத்தர் 1 டாலர் சேர்ப்பார்"னு மேட்ச் வாக்குறுதி சொன்னதும் ஒரு லெட்டருக்கு வர்ற வருமானம் 19 சதவீதம் கூடுச்சு. ஆனா 1 டாலருக்கு 2, 3னு ஏத்தினதுல மேற்கொண்டு ஒண்ணுமே கூடல. நிதி திரட்டறவங்க காலங்காலமா நம்பிட்டு இருந்த "மேட்ச் எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது" அன்னிக்கே ஆட்டம் கண்டுச்சு. டெல்லவிக்னா, லிஸ்ட், மல்மென்டியர் 2012ல வீடு வீடா போனாங்க, எப்ப வருவோம்னு முன்னாடியே நோட்டீஸ் மாட்டின வீடுகள்ல கதவைத் திறக்கறது 9லேர்ந்து 25 சதவீதம் வரை குறைஞ்சுது. ஆண்ட்ரியோனி குழு ஒரு சூப்பர்மார்க்கெட் வாசல்கள்ல மணி அடிச்சு நிதி கேக்கறவங்களை நிறுத்தினாங்க. வாயைத் திறந்து "குடுங்க"ன்னு கேட்டப்போ வசூல் எகிறுச்சு, அதே சமயம் மூணுல ஒரு பங்கு ஜனம் அந்த வாசலையே தவிர்த்துட்டு வேற வழியா போச்சு. கேட்டா குடுக்கிற மனசும், கேட்டுடுவாங்களோன்னு ஒளியற மனசும் ஒரே ஆள்கிட்ட இருக்குங்கறதை எந்த சர்வேயும் இப்படிக் காட்டாது.

சரி, இப்ப விலையைப் பாப்போம்.

முதல் விலை எண்ணிக்கை. லெட்டர் போட்டா நூத்துக்கு 2 பேர் குடுக்கறாங்கன்னு வெச்சுக்கங்க, உங்க புது வாசகம் அதை 2.4 ஆக்கும்னு நம்பறீங்க, அது நிஜமாவே இருந்தா கண்டுபிடிக்க (80 சதவீத பவர், 5 சதவீத சிக்னிஃபிகன்ஸ்) ஒரு குரூப்புக்கு சுமார் 21,000 பேர் வேணும், ரெண்டு குரூப்புக்கு 42,000. மூணு வாசகத்தை சோதிக்கணும்னா இன்னும் 42,000. இவ்வளவு பெரிய லிஸ்ட் எத்தனை நிறுவனத்துல இருக்கும்?

தொகையை அளக்கப் போனா இன்னும் மோசம். ஒரு குரூப்ல 200 பேர் சேர்ந்து 10,000 குடுக்கிற இடத்துல, இன்னொரு குரூப்ல யாரோ ஒரு புண்ணியவான் தனியா 5,000 சேர்த்துப் போட்டுட்டார்னா அந்த குரூப் ஒன்றரை மடங்கு ஜெயிச்ச மாதிரி தெரியும், உங்க வாசகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால குடுத்தாரா இல்லையாங்கறதை முதன்மை அளவா வெச்சுக்கறது, பெரிய தொகையை எந்த இடத்துல வெட்டறதுன்னு முடிவு பண்றது, பழைய நன்கொடை அளவை வெச்சு ஆளுங்களைப் பிரிச்சு குலுக்கல்ல குரூப் போடறது, எல்லாத்தையும் லெட்டர் போகறதுக்கு முன்னாடியே ப்ரீ-ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, அதாவது எழுதிப் பதிஞ்சு வெச்சிடுங்க.

ரெண்டாவது விலை, மனுஷங்க. நிதி திரட்டற மேனேஜர் முதல்ல கேக்கறது, "கண்ட்ரோல் குரூப்னு பாதி பேரை விட்டுட்டா வர்ற பணம் போயிடுமே?" யாரையும் விட வேணாம், கண்ட்ரோலுக்கு உங்க வழக்கமான லெட்டரே போகட்டும்னு சொன்னா பாதிப் பயம் தீரும். அடுத்தது, "எங்க நன்கொடையாளருக்குத் தெரிஞ்சா கோவப்படுவாங்களே?" இதுக்கு ஈசியான பதில் இல்ல, பல எதிக்ஸ் கமிட்டிகளும் இதே இடத்துல நிக்கும், ஏன்னா ஃபீல்டுல ஆளுங்ககிட்ட சம்மதம் வாங்கினா எக்ஸ்பெரிமென்ட்டே கெட்டுடும். மூணாவது அவங்க கேக்க மாட்டாங்க, நீங்க கேக்கணும்: ரிசல்ட் அவங்களுக்குப் பிடிக்கலன்னாலும் பப்ளிஷ் பண்ணலாமா? எழுத்துல வாங்குங்க. உங்க பக்கம் பேசிட்டு இருந்த ஒரே ஆள் வேலை மாறிப் போயிட்டா ஒப்பந்தம் மட்டும்தான் மிஞ்சும்.

மூணாவது, யாரும் பேப்பர்ல எழுதாத சின்ன விஷயம், ரிப்ளை ஃபார்ம். லெட்டரோட வர்ற ஃபார்ம்ல எந்த குரூப்னு ஒரு கோடு அச்சடிச்சிருப்பாங்க, ஃபார்ம் திரும்பி வந்தா கோடை வெச்சு கணக்கு சேரும். ஆனா லெட்டரைப் பாத்துட்டு வெப்சைட்ல போய் குடுக்கறவங்க கோடு இல்லாம வருவாங்க. அவங்களைப் பேர், விலாசம் வெச்சு லிஸ்ட்டோட பொருத்தணும், அதுக்கு டேட்டா ஒப்பந்தத்துல இடம் இருக்கணும். ஐரோப்பாவோட ஜிடிபிஆர் மாதிரி தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உள்ள இடங்கள்ல பின்னாடி கேட்டா நடக்காது. ஒரு குரூப் லெட்டர் மட்டும் ஆளுங்களை வெப்சைட் பக்கம் அதிகமா தள்ளுச்சுன்னா, அந்த லெட்டர் தோத்த மாதிரி உங்க ரிசல்ட்ல தெரியும்!

மேட்ச் வாக்குறுதியில ஒரு நேர்மைக் கேள்வியும் இருக்கு. நீங்க குடுத்தாலும் குடுக்கலன்னாலும் பெரிய நன்கொடையாளர் அந்தப் பணத்தை எப்படியும் குடுத்திருப்பார்னா, "உங்க காசு ரெட்டிப்பாகும்"னு சொல்றது பொய்தானே. இதை ஆராய்ச்சியாளர் முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கணும், லெட்டர்ல உங்க கையும் இருக்கு.

இவ்வளவுக்கும் அப்புறம் "ஏன்"ங்கறது பெரும்பாலும் திறக்காமயே இருக்கும். கார்லனும் வுட்டும் 2017ல ஒரு அமைப்போட லெட்டர்ல, திட்டம் வேலை செய்யுதுங்கறதுக்கு அறிவியல் ஆதாரத்தை சேர்த்தாங்க. மொத்தமா பாத்தா வித்தியாசம் இல்ல, பிரிச்சுப் பாத்தா முன்னாடி பெரிய தொகை குடுத்தவங்க இன்னும் கூடக் குடுத்தாங்க, சின்ன தொகை குடுத்தவங்க குறைச்சுட்டாங்க. காரணம் என்னங்கறதுக்கு விளக்கம் சொல்லலாம், லெட்டரால நிரூபிக்க முடியாது.

## ஏற்கெனவே இருக்கிற டேட்டா

கவர்ச்சி இல்லாத மாப்பிள்ளை, ஆனா குடும்பம் நடத்த லாயக்கு.

அமெரிக்காவுல குடும்பங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ற பேனல் சர்வேயில 2001லேர்ந்து நன்கொடைக் கேள்விகள் இருக்கு, நெதர்லாந்துலயும் தனியா ஒரு பேனல் இருக்கு. ஒரே குடும்பம் வேலை போனப்போ, கல்யாணம் ஆனப்போ, வயசானப்போ என்ன பண்ணுச்சுன்னு பாக்கலாம், இது லேப்ல ஜென்மத்துக்கும் கிடைக்காது. ஆன்லைன் நிதி திரட்டல் பக்கங்கள் இன்னொரு சுரங்கம். ஜஸ்ட்கிவிங் பக்கங்கள்ல யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு வரிசையா நிக்கும், அடுத்து வர்றவர் அதைப் பாத்துட்டுதான் தன் தொகையைப் போடுவார். 2010 லண்டன் மாரத்தான்ல ஓடினவங்க பக்கங்களை ஸ்மித், விண்ட்மைஜர், ரைட் ஆராய்ஞ்சு, முன்னாடி பெரிய தொகைகள் வந்திருந்தா பின்னாடி வர்றவங்களும் கூடக் குடுக்கறாங்கன்னு காட்டினாங்க. தொகைகள் வந்த வரிசையே பாதி எக்ஸ்பெரிமென்ட் மாதிரி ஆயிடுது.

நீண்டகால விளைவு முக்கியம்னா பழைய ரெக்கார்டை விட்டா வழியில்ல. சூரிச் யுனிவர்சிட்டியில மாணவர் நிதிக்கு மேட்ச் குடுத்த ஃபீல்டு எக்ஸ்பெரிமென்ட்டை ஸ்டீஃபன் மயர் 2007ல எழுதினார், மேட்ச் இருந்தப்போ குடுத்தவங்க கூடினாங்க, அது நின்னதுக்கு அப்புறம் குறைஞ்சுட்டாங்க. அடுத்தடுத்த செமஸ்டர் ரெக்கார்டு இருந்ததாலதான் அந்த ரெண்டாவது பாதி தெரிஞ்சுது.

குறைங்க சின்னதில்ல. சர்வேன்னா ஞாபகப் பிசகும், கூட்டிச் சொல்றதும் கலந்திருக்கும். வரி ரெக்கார்டு நம்பகமானதுன்னு நினைப்பீங்க, ஆனா அமெரிக்காவுல 2017 வரிச் சட்டத்துக்கு அப்புறம் வரிக் கழிவுகளை (நன்கொடையும் அதுல ஒண்ணு) தனித்தனியா பட்டியல் போடறவங்க சுமார் 30 சதவீதத்துலேர்ந்து 10 சதவீதத்துக்கு இறங்கிட்டாங்க, மத்தவங்க நன்கொடை பெரும்பாலும் ரெக்கார்டுலயே வராம போச்சு. அதைக் கவனிக்காம கிராஃப் போட்டா நாடே திடீர்னு கஞ்சனான மாதிரி இருக்கும். எது எதுக்குக் காரணம்ங்கற கேள்வியில ரெவ்யூவர் உங்களை விடவும் மாட்டார்.

## உங்களுக்கு எது

உங்க கேள்வி "ஏன்"னா, அதாவது குற்ற உணர்ச்சிக்கும் பரிதாபத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி நுணுக்கமானதுன்னா, லேப்தான். ஆன்லைன்ல பெரிய சாம்பிள்ல ஒரு தடவை உறுதி பண்ணிக்கங்க.

பழைய கண்டுபிடிப்பு ஒண்ணு மேல சந்தேகம் இருந்தா ஆன்லைன், அதுவும் ரிஜிஸ்டர்ட் ரிப்போர்ட்டா (டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே ஜர்னல் ப்ளானைப் பாத்து ஒத்துக்கறது) போங்க, ரிசல்ட் எப்படி வந்தாலும் ஜர்னல் போடும்.

மூணு நாலு வருஷத்துல தீசிஸ் முடிக்கணும், கைடுக்கும் எந்த நிறுவனத்தோடவும் பழக்கம் இல்லன்னா, ஃபீல்டை ஒரு அத்தியாயத்துக்கு மேல வெக்காதீங்க, அந்த அத்தியாயம் வரலன்னாலும் தீசிஸ் நிக்கணும். முதல் வருஷம் இருக்கிற டேட்டாவை எடுங்க. கார்லன்-லிஸ்ட் டேட்டா பொதுவுல கிடைக்குது, அதை இறக்கி அவங்க டேபிளை நீங்களே திரும்பப் போட்டுப் பாருங்க, பூஜ்யங்களோட எப்படி மல்லுக்கட்டறதுன்னு அதுல கத்துக்கலாம். நிறுவனத்தோட பேச்சுவார்த்தை அது பாட்டுக்குப் பக்கத்துல ஓடட்டும்.

கைடு பத்து வருஷமா ஒரு நிறுவனத்தோட வேலை செய்யறவர், லிஸ்ட்ல லட்சம் பேர் இருக்காங்கன்னா யோசிக்காம ஃபீல்டுக்குப் போங்க, அந்த வாய்ப்பு எல்லாருக்கும் வராது.

ரொம்ப பேர் மாட்டிக்கிறது இதுக்கு நடுவுல. நிறுவனம் சரின்னுடுச்சு, ஆசையா இருக்காங்க, ஆனா லிஸ்ட்ல 3,000 பேர்தான். குரூப்புக்கு 1,500 பேரை வெச்சு நம்பிக்கையா பிடிக்கணும்னா 2 சதவீதம் சுமார் 3.7 ஆகணும், கிட்டத்தட்ட ரெட்டிப்பு, ஒரு வாசகத்தை மாத்தி அது நடக்காது. வேணாம்னு கைவிடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட மாதாமாதம் குடுக்கறவங்க எத்தனை பேர், வருஷத்துல எத்தனை பேர் நிறுத்தறாங்கன்னு கேளுங்க. அந்த விகிதம் 2 சதவீதத்தை விட ரொம்ப பெருசா இருக்கும், அப்ப அதே சில ஆயிரம் பேரை வெச்சே நன்றி லெட்டர், போன் கால் மாதிரி விஷயங்களை நிஜமா சோதிக்க முடியும், நிறுவனத்துக்கும் புது ஆளைப் பிடிக்கறதை விட இருக்கிற ஆளைத் தக்க வெச்சுக்கறதுலதான் அக்கறை ஜாஸ்தி.